ஏழாம் எண் வீட்டுப் பை

தராசக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது அந்தத் தெருதான். நகராட்சிப் பதிவேட்டில் அவள் துப்புரவு மேற்பார்வையாளர். ஆனால் காலை ஆறரை மணிக்கு ஒரு கையில் கொக்கி வைத்த தொங்கு தராசும் மறு கையில் அட்டை போட்ட நோட்டுமாகத் தெருமுனை திரும்புகிற ஒருத்தியை யார் அவ்வளவு நீளமாகக் கூப்பிடுவார்கள்? பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குப்பை வாளி. ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, முள் ஆடி அடங்கும்வரை அசையாமல் நின்று பார்த்து, எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். குப்பைக்கு இத்தனை மரியாதை கொடுத்த ஆள் அந்த ஊரில் அதற்கு முன் இருந்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சில மாதங்களுக்கு முன்புவரை அதே தெருவில் அவளைக் கண்டாலே கொல்லைக் கதவைச் சாத்துவார்கள். வீடுகளில் கோழி வளர்க்கக் கூடாதென்று நகராட்சியில் ஒரு பழைய விதி. எந்தச் சந்தில் சேவல் கூவினாலும் மறுநாள் அவள் கூண்டு வண்டியோடு போய் நிற்க வேண்டும். பத்து வருடம் அப்படிக் கோழி பிடித்த அதே கையால், வீட்டுக்கு ஐந்து என்று அறுபது கோழிகளை அவளே கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஆயிற்று. வாங்கிக்கொண்டவர்கள் கோழியைப் பார்த்ததைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

"திரும்பப் பிடிக்க எப்ப வருவீங்க?" என்று மூன்றாம் எண் வீட்டுத் தையல்காரி கேட்டே விட்டாள்.

"மூணு மாசம் கழிச்சு. வர்றதும் வராததும் உங்க வாளியிலதான் இருக்கு" என்றாள் தராசக்கா.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேருகிற மேடு நிரம்பி வழிந்தது. கிழக்குப் பக்கம் நீட்டிவிடலாம் என்று நகராட்சிப் பொறியாளர் திட்டம் போட்டார். போட்ட கையோடு, எல்லை எங்கே என்று காட்ட வெள்ளையடித்த கற்களையும் நட்டுவிட்டார். கிழக்கே இருப்பது ஒரே ஒரு வரிசை வீடுகள். அதில் கடைசி வீடு தராசக்காவுடையது. அவளுடைய அடுப்படிக் கதவைத் திறந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் கால் வெள்ளைக் கல்லில் இடிக்கும். இப்போது இருநூறு எட்டுத் தள்ளி இருக்கிற குப்பை அந்தக் கல்வரை வரப்போகிறது.

இருநூறு எட்டுத் தள்ளி இருக்கும்போதே அவள் மகள் படுகிற பாடு போதும் போதும் என்றிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண். மேடு புகைய ஆரம்பித்துக் காற்றும் இந்தப் பக்கம் திரும்பினால், அவள் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். பள்ளிப் பையில் பேனா டப்பாவுக்குப் பக்கத்திலேயே மூச்சுப் பம்பு. "வேற வீடு பார்த்துப் போயிடலாம்" என்று வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற கணவன் சொன்னான். "நாம போனா இந்த வீட்டுக்கு வேற ஒருத்தர் பொண்ணு வருவா. அவளுக்கு மூச்சு வேண்டாமா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அப்புறம்தான் நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கோழியைப் பற்றிப் பேசினாள். குப்பையில் பாதி அடுப்படிக் குப்பை. காய்த் தோல், மீந்த சோறு, வாடிய கீரை. அதைக் கோழி தின்னும். தின்னாததைக் கிளறிச் சருகோடு சேர்த்து மண்ணாக்கும். கோழி வளர்க்காதே என்று விரட்டுவதை விட்டுவிட்டு, வளர்த்துப் பாருங்கள் என்று நகராட்சியே சொன்னால் என்ன? மன்றம் விழுந்து விழுந்து சிரித்தது. கோழி பிடிக்கிறவளே கோழிக்கு வக்கீலாக வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்!

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எதற்கும் 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்ல வராது. டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்டால்கூடக் கூரையைப் பார்க்கிற மனிதர். ஆகவே ஒரு சோதனை என்று அறிவித்தார். ஒரே ஒரு தெரு, மூன்று மாதம். அந்தத் தெருவின் குப்பை நாளுக்கு இருபத்து நான்கு கிலோ. அது பன்னிரண்டாகக் குறைந்தால் மேட்டை நீட்டுவது நிற்கும். கோழித் திட்டம் ஊர் முழுக்க வரும். குறையாவிட்டால் கோழிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேட்டை நீட்டிக்கொள்ளலாம்.

தராசக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டாள். ஆறு விதிகள் கொண்ட ஒரு தாளைத் தானே தட்டச்சு செய்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். கூண்டில் சருகு போட வேண்டும். தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். சேவல் கூடாது. வீட்டை விட்டு வெளியே போகிற எந்தக் குப்பைப் பையிலும் கதவு எண் எழுதியிருக்க வேண்டும். இப்படி.

விதி என்றால் உயிரை விடுகிற ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். ஏழாம் எண் வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தாளைச் சட்டம் போட்டுக் கூண்டுக்கு மேலே மாட்டிவிட்டார். கோழிகளுக்கு வருகைப் பதிவு ஒன்றுதான் பாக்கி. தையல்காரியோ விதியைப் படிக்கவே இல்லை. ஆனால் அவள் கோழிகள்தான் தெருவிலேயே கொழுத்தவை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தால் விரட்டவும் மாட்டாள். ஒன்பதாம் எண் வீட்டுப் பல் டாக்டருக்குக் கோழி என்றாலே ஆகாது. வாசனை, சத்தம், காய்ச்சல் பரவும் என்று மூன்று காரணம் வைத்திருந்தார். "நான் ஆயிரம் சொன்னேன், நகராட்சி கேக்கலை" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அன்றாடம் வாளியை நீட்டுவார்.

முதல் வாரம் இருபத்திரண்டு கிலோ. அப்புறம் இருபது, பதினெட்டு. ஐந்தாவது வாரம் பதினாறுக்கு வந்து சண்டிக்குதிரை மாதிரி நின்றுவிட்டது. எலுமிச்சைத் தோலையும் டீத்தூளையும் கோழி திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குமேல் பிளாஸ்டிக், கந்தல், காகிதம். ஒரு நாள் நிறுத்து முடித்ததும் தராசக்கா கால் ஓய்ந்துபோய்த் தையல்காரி வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் தராசக்கா, இதுக்குப் போயா முகம் இப்படி வாடுது? ஒரு கிலோ ரெண்டு கிலோ கூடினா என்ன?" என்று கேட்டாள் தையல்காரி.

சொல்லக் கூடாது என்றுதான் தராசக்கா நினைத்திருந்தாள். தன் வீட்டுக் கதையைச் சொல்லி ஊரை வேலை வாங்குவது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அன்று காலையில்தான் மகள் பாதிச் சடை பின்னும்போதே மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கல், மேடு, விசில், பம்பு எல்லாவற்றையும். தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து எடை சரசரவென்று இறங்கியது. பதினான்கு, பன்னிரண்டு, பத்து. பத்தாவது வாரம் எட்டு. தராசு கெட்டுவிட்டதோ என்று தராசக்கா கடையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் மகள் "இன்னிக்கு எவ்வளவும்மா?" என்று கேட்பாள். "எட்டு" என்று சொல்லும்போது தராசக்காவின் குரலே மாறிப்போகும். பொறியாளர் அலுவலக வராந்தாவில் அவளைக் கண்டால் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

சோதனை முடிந்து மன்றம் முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, குப்பை வண்டி ஓட்டுநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு காட்டணும். கோவிச்சுக்கக் கூடாது."

இருக்கைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு காகிதப் பையை எடுத்தான். வாய் மடித்துக் கயிறு கட்டிய பை. அதன்மேல் குண்டு குண்டான அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது: 'கதவு எண் 7. செவ்வாய். 900 கிராம்.'

"இது எங்க கிடந்தது தம்பி?"

"அடுத்த தெருப் பொதுத் தொட்டியில. இது ஒண்ணு இல்லக்கா. ஒரு மாசமா அந்தத் தொட்டி நிரம்பி வழியுது. ஏன்னு தெரியாம நானும் திட்டிக்கிட்டேதான் அள்ளிப் போட்டேன்."

தராசக்கா பையை அவிழ்த்துப் பார்த்தாள். காய்த் தோல், சோறு, கீரைத் தண்டு. எல்லாம் கோழி கொத்திக் கொத்தித் தின்னக் கூடியது. கோழிக்குப் போடக்கூட நேரமில்லாமல் எடையைக் குறைக்கிற அவசரத்தில் அப்படியே கட்டிக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் அவளை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போய்த் தொட்டியையும் கிளறிக் காட்டினான். உள்ளே எண் போடாத பைகள், தையல் துணி வெட்டுகள் ஒட்டிய பைகள். திருட்டுத்தனம் செய்கிறபோதும் விதியை மீறாமல் எண் போட்ட ஒரே மனிதர் தலைமையாசிரியர்தான். தராசக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிறதற்குள் கண் நிறைந்துவிட்டது.

பையைக் கையில் பிடித்தபடி நேராக ஏழாம் எண் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். தலைமையாசிரியர் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். பையைக் கண்டதும் வாளி கையிலிருந்து நழுவியது.

"சார், இது என்ன?"

"விதி நாலு" என்றார் பழக்கதோஷத்தில். "வெளிய போற எந்தப் பையிலயும் கதவு எண்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

சத்தம் கேட்டுத் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். தையல்காரி கையில் இஞ்சுநாடாவோடு வந்தாள். பல் டாக்டர் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். யார் யார் என்று அவள் கேட்கவே தேவையிருக்கவில்லை. குனிந்த தலைகளை எண்ணினால் போதும். பதினொன்று.

"நாங்க கெட்ட எண்ணத்துல செய்யலைக்கா" என்றாள் தையல்காரி. "நீங்க அன்னிக்கு சொன்னதைக் கேட்டதுலேருந்து எனக்கு சோறு இறங்கலை. நான்தான் எல்லார்கிட்டயும் போய்ச் சொன்னேன். உங்க பொண்ணுக்காகத்தான் செஞ்சோம். எப்படியாவது பன்னெண்டுக்குக் கீழ கொண்டு வந்துடணும்னு."

"என் பொண்ணுக்காகவா?" தராசக்கா பையை அவர்கள் முன்னால் நீட்டினாள். "சரி. அந்தத் தொட்டியில போட்டது அப்புறம் எங்க போகும்னு நினைச்சீங்க?"

தையல்காரி தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் பையைப் பார்த்தார்.

"குப்பை வண்டியில ஏறும். வண்டி மேட்டுக்குப் போகும். மேடு என் வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. நீங்க என் பொண்ணுக்காக ஒளிச்ச ஒவ்வொரு பையும் என் பொண்ணு தலைமாட்டுலதான் போய் விழுந்திருக்கு. நோட்டுல எட்டு கிலோன்னு எழுதினப்பல்லாம் சந்தோஷப்பட்டேன். அன்னிக்கும் அவ நெஞ்சு விசில் அடிச்சுது. எடை குறைஞ்சும் விசில் ஏன் குறையலைன்னு எனக்குப் புரியவே இல்ல. இப்பப் புரியுது."

தையல்காரி இஞ்சுநாடாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதாள். தலைமையாசிரியர் கூண்டில் மாட்டியிருந்த விதித் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் ஓட்டுநர் அவளைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, பொறியாளர் சாருக்கு இது தெரியாது. நான் மூச்சு விட மாட்டேன். எட்டுன்னே இருக்கட்டும். ஜெயிச்சிடுவீங்க."

"ஜெயிச்சு?"

"கல்லைப் பிடுங்கிடுவாங்கல்ல."

தராசக்கா நோட்டை இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஆசை இல்லாமல் இல்லை. அன்று சாயங்காலம் அடுப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் நோட்டோடு வெள்ளைக் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு என்று எழுதியாகிவிட்டது. யாரும் கேட்கப் போவதில்லை. பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பெற்ற வயிறு அப்படித்தான் சொன்னது. ஆனால் பத்து வருடம் குப்பையோடு பழகிய மூளை வேறு கணக்குச் சொன்னது. ஊர் முழுக்கக் கோழி கொடுப்பார்கள். ஊர் முழுக்க இதே மாதிரி அடுத்த தொட்டியில் கொட்டும். நோட்டு இளைக்கும், மேடு பெருக்கும். வருடக் கடைசியில் பொறியாளர் வந்து கல்லை இன்னும் ஆறு எட்டு உள்ளே தள்ளி நடுவார். அப்போது கேட்க வாய் இருக்காது.

"இன்னிக்கு எவ்வளவும்மா?" என்று மகள் வந்து நின்றாள்.

"தெரியலை" என்றாள் தராசக்கா. "நாளையிலேருந்து தெரிஞ்சுக்கலாம்." பேனாவை எடுத்து, ஆறாவது வாரத்திலிருந்து எழுதிய எல்லாவற்றையும் குறுக்கே அடித்தாள்.

மறுநாள் காலை தராசைத் தெருவின் நடுவே ஒரு முக்காலிக் கம்பியில் தொங்கவிட்டாள். "இனிமே நான் வீடு வீடா வர மாட்டேன். நீங்க இங்க கொண்டு வாங்க. எல்லாரும் பார்க்க நிறுப்போம். கூடினா கூடினதுன்னு எழுதுவேன், யாரும் வெக்கப்பட வேண்டாம். ஒளிச்சாத்தான் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

முதல் நாள் பதினாறு. ஐந்து வாரத்துக்கு முன் நின்ற அதே பதினாறு. நேரம் வீணானதை நினைத்து அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் தெரு இப்போது வேறு தெருவாக இருந்தது. தலைமையாசிரியர் வாளியைக் கொட்டி, கோழி தொடுவது தொடாதது என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கவில்லை, நச்சரித்தார் என்பதே சரி. சோற்றைப் பிழிந்து போட்டால் கூண்டு நாறாது என்று தையல்காரி கண்டுபிடித்தாள். வாங்கும்போதே பிளாஸ்டிக் பை வேண்டாமென்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தது பதினோராம் எண். பதினைந்தே முக்கால், பதினைந்து, பதினான்கு. கடைசி மூன்று நாளும் பதின்மூன்றரை. அதற்குக் கீழே முள் ஒரு மயிரிழைகூட இறங்க மாட்டேன் என்றது.

தேவை பன்னிரண்டு. ஒன்றரைக் கிலோ உதைத்தது.

கூட்டத்தன்று தராசக்கா நோட்டை மேசைமேல் விரித்து வைத்து, அடித்த பக்கங்களையே முதலில் காட்டினாள். நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வீட்டு எண்களை மட்டும் சொல்லவில்லை. "பத்து நாளா உண்மையா நிறுத்தது இது. பதின்மூணரை. நீங்க கேட்டது பன்னெண்டு. வரலை."

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று மாதமாக அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. "நிபந்தனை நிறைவேறலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதுலயும் பாதி நாள் பித்தலாட்டம். இதுக்கு மேல பேச என்ன இருக்கு? கோழியைப் பிடிங்க, வேலையை ஆரம்பிக்கிறேன்."

"யார் யார் அப்படிக் கொட்டினது?" என்று ஒரு உறுப்பினர் அதட்டினார்.

"அது வேண்டாங்க. பொறுப்பு என்னுது. நான் கவனிச்சிருக்கணும்" என்றாள் தராசக்கா.

தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. தலைமையாசிரியர் எழுந்து நின்றார். முப்பது வருடம் மற்றவர்களை எழுப்பி நிற்க வைத்த மனிதர். "கதவு எண் ஏழு" என்றார். "பதினாலு பை. எல்லாத்துலயும் எண் போட்டிருக்கேன்." அவருக்குப் பக்கத்தில் தையல்காரி எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பதினொரு வீடும் நின்றது.

பன்னிரண்டாவதாகப் பல் டாக்டரும் எழுந்தபோது தராசக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நான் கொட்டலை" என்றார் அவர் விறைப்பாக. "எனக்குக் கோழி பிடிக்காது. வாசனை பிடிக்காது, சத்தம் பிடிக்காது. வேண்டாம்னவன் தலையில கட்டினது நகராட்சி பண்ணின தப்பு. ஆனா இந்தப் பத்து நாளா என் வாசல்லதான் தராசு தொங்குது. தினமும் நின்னு பார்த்தேன். பதின்மூணரை உண்மை. என் வாளி ஒரு கிராம்கூடக் குறையலை, அதுவும் உண்மை. என்னை மாதிரி ஆளை விட்டுட்டு, ஆசையா கேக்கறவங்களுக்குக் குடுத்திருந்தா பன்னெண்டு எப்பவோ வந்திருக்கும். என்னோட அஞ்சையும் இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. மூலையிலிருந்து ஒரு உறுப்பினர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கேட்டார்: "அது கிடக்கட்டும். ஊருக்கெல்லாம் கோழி வளர்க்கச் சொல்றீங்களே, உங்க வீட்டுல எத்தனை இருக்கு?"

தராசக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. சோதனைத் தெருவில் அவள் வீடு இல்லை. அதனால் வாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் மூன்று மாதமாகத் தன் வீட்டு வாளியை ஒரு நாள்கூட நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணுகூட இல்லைங்க" என்றாள். மன்றம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள். "டாக்டர் சாரோட அஞ்சையும் நானே எடுத்துக்கறேன். என் வாளியையும் அந்தத் தெருக்காரங்களே வந்து நிறுக்கட்டும். இப்ப நான் கேக்கறது இதுதான். யார் வேணும்னு கையெழுத்துப் போடறாங்களோ அவங்களுக்கு மட்டும் கோழி குடுங்க. தராசைத் தெருவுல தொங்க விடுங்க. ஆறு மாசம். அதுக்கப்புறமும் பாதியாகலைன்னா, முதல் வண்டிக் குப்பையைக் கல்லுகிட்ட நானே நின்னு இறக்கறேன்."

ஓட்டெடுப்பு நடந்தது. ஆறு பேர் ஆறு மாதம் கொடுக்கலாம் என்றார்கள். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். மீதி இருந்தது தலைவர் ஒருவர்தான்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பொறியாளர் தொண்டையைச் செருமினார். தலைவர் மெல்லக் குனிந்து, அடித்த பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு. எட்டு, எட்டு, எட்டு என்று ஜெயித்த எண்கள்மேல் அழுத்தி இழுத்த கோடு.

"இதை நீங்க அடிக்கலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"தெரிஞ்சிருக்காதுங்க."

தலைவர் நோட்டை மூடினார். "ஆறு மாசம்" என்றார். சொன்னதும் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டவர் மாதிரிச் சுற்றிலும் பார்த்தார். திரும்பச் சொன்னார். "ஆறு மாசம். அதுவரை கல்லுப் பக்கம் ஒரு கூடைகூட விழக் கூடாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கம்பிகளை வைத்து அடுப்படிக்குப் பின்னால் கூண்டு கட்டினான். வேறு இடமில்லாமல், வெள்ளைக் கல் கூண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தலைமையாசிரியரும் தையல்காரியும் கூடையில் ஐந்து கோழிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைமையாசிரியரின் மறு கையில் தராசு இருந்தது. கோழிகளைத் திறந்துவிட்டதும் ஒன்று எம்பிக் கல்லின்மேல் ஏறி, இடம் பிடித்துக்கொண்டு சிறகை உதறியது.

"நில அளவை முடிஞ்சது. எல்லை இனிமே கோழிக்குத்தான்" என்றான் கணவன். மகள் சிரித்தாள். அன்று காற்று இந்தப் பக்கம்தான் வீசியது. சிரிப்புக்கு நடுவே ஒரு தடவை இருமினாள்.

"கோழி எங்கயும் ஓடாது. முதல்ல வாளியைக் கொண்டாங்க" என்றார் தலைமையாசிரியர். "ஆரம்ப எடை தெரியாம எப்படி?"

மகள் உள்ளே போய் வாளியை எடுத்துவந்தாள். அவரே கொக்கியில் மாட்டினார். முள் ஆடியது. நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தையல்காரி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று கிலோ இருநூறு கிராம். அந்தத் தெருவின் பன்னிரண்டு வீட்டில் எதுவும் ஒருநாள்கூட அந்த எடையைத் தொட்டதில்லை.

"நேத்து விருந்தாளி யாராவது வந்திருந்தாங்களா?" என்று தலைமையாசிரியர் மெதுவாகக் கேட்டார். பேனா நோட்டின்மேல் நின்றது. ஆமாம் என்று அவள் தலையாட்டினாலே போதும், இருநூறு கிராமை விட்டுவிடத் தயாராக இருந்த முகம் அது.

"ஒருத்தரும் வரலை சார்" என்றாள் தராசக்கா. "மூணு கிலோ இருநூறு. கதவு எண்ணையும் போட்டு எழுதுங்க."